என்எம் கையேட்டில் ‘சில கணினிகளில்’ என்ற சொல்: பினூட்டில்ஸ் ஆவணப் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

கம்பைல் ஆன ஃபைல்களைக் கையாளும் கருவித் தொகுப்பான குனூ பினூட்டில்ஸின் கையேட்டைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

ஆப்ஜெக்ட் ஃபைல்களில் (கம்பைலர் உருவாக்கும் ஃபைல்களில்) உள்ள சிம்பல்களை, அதாவது ஃபங்ஷன்கள், மாறிகள் போன்றவற்றின் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைப் பற்றியது இம்மடல். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இந்தக் கட்டளைக்கு இடம் இருந்தது. இன்றும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைத்து நிரலாக்கும் லிங்க்கர் ‘இந்தப் பெயர் எங்குமே வரையறுக்கப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிட்டால் முதலில் கை போவது இதனிடம்தான். அந்த நேரத்தில் கையேட்டைத் திறப்பவர் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிப்பதில்லை. திரையில் தெரியும் ஓர் எழுத்துக்கு என்ன பொருள் என்று தேடி வருகிறார். அவருக்கு வேண்டியது ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் அவரைத் தவறான பக்கம் திருப்பினால் அன்றைய நாள் வீண்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கருவி ஐயமின்றி முடிவெடுக்கும் பல இடங்களில் கையேடு தயங்குகிறது. ‘வழக்கமாக’ என்கிறது, ‘சில கணினிகளில்’ என்கிறது, ‘சில வகை லைப்ரரிகளில்’ என்கிறது. அந்தச் சொற்கள் நிற்கும் இடத்தில் நிபந்தனையை எழுதுங்கள். எது இருந்தால் எது அச்சாகும் என்று சொல்லுங்கள். எந்த இடங்கள், மாற்று வாசகம் என்ன என்பதைக் கீழே விரிவாகத் தருகிறோம்.

ஒரு சிறு முன்குறிப்பு. சிம்பல் வகையைக் காட்டும் ஆங்கில எழுத்துகளை ஒலிப்பெயராலேயே குறிக்கிறோம். ‘டீ’ என்றால் நிரல் கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் செக்‌ஷனின் எழுத்து, ‘டி’ என்றால் டேட்டா செக்‌ஷனின் எழுத்து. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஆப்ஷன்களை நீளப் பெயரால் குறிக்கிறோம்.

முதலில் வீக் சிம்பல்கள், அதாவது அதே பெயரில் சாதாரண வரையறை வந்தால் இடம் விட்டுக்கொடுப்பவை, வரையறையே கிடைக்காவிட்டாலும் பிழையாகாதவை. பெரிய டபிள்யூ, சிறிய டபிள்யூ இரண்டையும் கையேடு ஒரே பத்தியில் விளக்குகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு அது தரும் விடை இதுதான்: சில கணினிகளில், பெரிய எழுத்து வந்தால் ஒரு இயல்பு மதிப்பு தரப்பட்டிருக்கிறது என்று பொருள். எந்தக் கணினிகளில்? இயல்பு மதிப்பு என்றால் எது? யார் தந்தது? மூன்றுக்கும் பக்கத்தில் பதில் இல்லை. லினக்ஸில் வழங்கும் ஃபைல் வடிவமான எல்ஃப் ஃபைல்களைப் பொறுத்தவரை விடை மிக எளிது. பெரிய டபிள்யூ என்றால் அந்த வீக் சிம்பலுக்கு இந்த ஃபைலிலேயே வரையறை இருக்கிறது. சிறிய டபிள்யூ என்றால் இந்த ஃபைலில் வரையறை இல்லை, பெயர் மட்டும் தேடப்படுகிறது. பெரிய வி, சிறிய வி இரண்டுக்கும் அதே வேறுபாடுதான், அவை தரவுப் பொருள்களுக்கு.

இது நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு மட்டும் தேவையான செய்தி அன்று. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் கொண்டு லிங்க் செய்த கிட்டத்தட்ட எந்த நிரலையும் என்எம்மில் போட்டால் ஜிமான் ஸ்டார்ட் என்ற பெயர் சிறிய டபிள்யூவுடன் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் அதைக் கண்டு ஏதோ லைப்ரரி விட்டுப்போயிற்று என்று தேடத் தொடங்குகிறார். விட்டுப்போகவில்லை. புரொஃபைலிங் (நிரலின் ஓட்டத்தை அளப்பது) இருந்தால் அழைக்கவும், இல்லாவிட்டால் பேசாமல் தாண்டவும் என்பதற்காகவே அது வீக் ஆக வைக்கப்பட்டிருக்கிறது. ‘சிறிய டபிள்யூ: வரையறை இல்லாத வீக் சிம்பல். கடைசிவரை கிடைக்காவிட்டாலும் பிழை அன்று, அதன் மதிப்பு பூஜ்யமாகும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தேடலே நடந்திருக்காது.

இங்கே இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. வரையறை கிடைக்காத வீக் பொருளின் மதிப்பு பூஜ்யமாகும் என்று வி எழுத்தின் பத்தி நேரடியாகச் சொல்கிறது. டபிள்யூவின் பத்தியோ அதே நிலைமைக்கு, மதிப்பு அந்தந்தக் கணினிக்கு உரிய முறையில் தீர்மானிக்கப்படும் என்கிறது. ஒரே நடத்தைக்கு இரண்டு வாசகம் இருந்தால் படிப்பவர் அவற்றை இரண்டு நடத்தை என்றே எடுத்துக்கொள்வார். எல்ஃபில் இரண்டும் பூஜ்யமே. ஒரே வாக்கியத்தை இரண்டு இடத்திலும் வையுங்கள். வேறு ஃபார்மேட்டுக்கு வேறு விதி இருந்தால் அந்த ஃபார்மேட்டின் பெயரைச் சொல்லித் தனி வரியாக எழுதுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் வேலையில் இந்த எழுத்தின் பயன் இன்னும் பெரிது. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்புகளுக்கான ஸ்டார்ட்அப் ஃபைல்களில் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் ஃபங்ஷன்கள்) எல்லாம் வழக்கமாக வீக் ஆகவே வரையறுக்கப்பட்டு, முடிவில்லாமல் சுழலும் ஒரே பொது ஹேண்ட்லரைச் சுட்டும். நாம் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதினால் அது வீக்கை மாற்றிவிட வேண்டும். மாற்றியதா என்று அறிய, லிங்க் ஆன எல்ஃப் ஃபைலை என்எம்மில் பார்த்தால் போதும். ஹேண்ட்லரின் பெயருக்கு முன் பெரிய டீ இருந்தால் நம்முடையது அமர்ந்துவிட்டது. பெரிய டபிள்யூ இருந்து, முகவரியும் பொது ஹேண்ட்லரின் முகவரியாகவே இருந்தால் அமரவில்லை. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும், அல்லது சி பிளஸ் பிளஸ் ஃபைலில் எக்ஸ்டர்ன் சி போடாததால் பெயர் உருமாறியிருக்கும். பயன்படாத செக்‌ஷன்களை நீக்கும் ஆப்ஷனும் போட்டிருந்தால் நாம் எழுதிய ஃபங்ஷனின் சுவடே எல்ஃபில் இருக்காது. கம்பைலர் எச்சரிக்காது, லிங்க்கரும் எச்சரிக்காது. இந்த இடத்தில் உதவக்கூடியது என்எம் காட்டும் ஓர் எழுத்துதான். அதன் பொருளைக் கையேடு ‘சில கணினிகளில்’ என்று சொல்லி மங்கலாக்குவது மனத்தை வருத்துகிறது.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து விதி. சிறிய எழுத்து வந்தால் வழக்கமாக லோக்கல் (அந்த ஃபைலுக்குள் மட்டும் தெரிவது), பெரிய எழுத்து வந்தால் குளோபல் (மற்ற ஃபைல்களுக்கும் தெரிவது) என்கிறது கையேடு. கூடவே, யூ, வி, டபிள்யூ ஆகிய மூன்று சிறிய எழுத்துகள் சிறப்புக் குளோபல் சிம்பல்களைக் குறிக்கும் என்று விதிவிலக்கும் தருகிறது. அந்த விதிவிலக்கைச் சேர்த்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பட்டியல் முழுமையாக இல்லை. 64 பிட் இன்டெல் கணினியில், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் டைனமிக் சிம்பல்களை (நிரல் ஓடும்போது இணைக்கப்படுபவற்றை) பாருங்கள். ஸ்டர்லென், மெம்காப்பி போன்ற, உலகமே அழைக்கும் ஃபங்ஷன்கள் சிறிய ஐ எழுத்துடன் நிற்கும். பிராசஸருக்கு ஏற்ற வடிவத்தை நிரல் ஓடும்போது தேர்ந்தெடுக்கும் மறைமுக ஃபங்ஷன்கள் அவை. லோக்கல் அல்லவே அல்ல. அதேபோல், சிறு பொருள்களுக்கான தனி காமன் (ஆரம்ப மதிப்பு தராத மாறிகளுக்கான) செக்‌ஷனில் உள்ள சிம்பலுக்குச் சிறிய சி வரும், அதுவும் லோக்கல் என்ற பொருளில் இல்லை.

பட்டியலில் இன்னும் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் தீரும் சிக்கலாக இதை நாங்கள் கருதவில்லை. எழுத்து எப்படித் தீர்மானமாகிறது என்ற வரிசையையே கையேடு சொல்லிவிடலாம். என்எம் பயன்படுத்தும் பிஎஃப்டி நூலகத்தில் இதற்கென்று இருக்கும் ஃபங்ஷன் சிறியது. கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, முதலில் பொருந்துவதோடு நிறுத்திக்கொள்கிறது. சிம்பல் காமன் செக்‌ஷனில் இருக்கிறதா? ஆம் என்றால் சி. வரையறை இல்லாததா? வீக் இல்லை என்றால் பெரிய யூ, வீக் என்றால் தரவுப் பொருளுக்குச் சிறிய வி, மற்றதற்குச் சிறிய டபிள்யூ. வேறொரு சிம்பலைச் சுட்டும் மறைமுகச் சிம்பலா? பெரிய ஐ. மறைமுக ஃபங்ஷனா? சிறிய ஐ. வரையறை உள்ள வீக்கா? பெரிய வி அல்லது பெரிய டபிள்யூ. யுனீக் குளோபலா? சிறிய யூ. இத்தனையும் தாண்டி வருவதற்கு மட்டுமே செக்‌ஷனைப் பார்த்து டீ, டி, பி, ஆர் போன்ற எழுத்து கிடைக்கிறது. பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற லோக்கல்-குளோபல் விதியும் அந்தக் கடைசிப் படிக்கு மட்டும்தான் உரியது.

இந்த ஒரு பத்தியைக் கையேட்டில் சேர்த்தால் பல கேள்விகள் தாமாகவே அடங்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் இன்லைன் ஃபங்ஷனும் டெம்ப்ளேட் ஃபங்ஷனும் டெக்ஸ்ட் செக்‌ஷனில் இருந்தும் ஏன் டீ என்று வராமல் டபிள்யூ என்று வருகின்றன? வீக்கா என்ற கேள்வி செக்‌ஷனுக்கு முன்பே கேட்கப்பட்டுவிடுகிறது. கிளாஸின் விடேபிள் (விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) ஏன் பல நேரம் வி? அது வீக் ஆன தரவுப் பொருள். பெரிய டீயை மட்டும் வடிகட்டி ‘இந்த ஃபைலின் ஃபங்ஷன்கள் இவ்வளவுதான்’ என்று எண்ணும் ஸ்கிரிப்ட் ஏன் குறைவாக எண்ணுகிறது? டபிள்யூவும் சிறிய ஐயும் விடுபடுகின்றன. வரையறை இல்லாத வீக் மாறிக்குக்கூட வி வராமல் டபிள்யூ ஏன்? வரையறை இல்லாத சிம்பலுக்கு அசெம்பிளர் பெரும்பாலும் வகையே எழுதுவதில்லை, அதனால் தரவுப் பொருள் என்று அடையாளம் காண வழியில்லை.

சிறிய யூவின் பத்தியில் ஒரு வாக்கியம் கூடுதலாக வேண்டும். முழு பிராசஸிலும் அந்தப் பெயரில் ஒன்றே ஒன்று இருப்பதை டைனமிக் லிங்க்கர் உறுதிசெய்யும் என்று கையேடு சொல்வது சரி. அதன் பின்விளைவையும் சொல்லுங்கள்: அத்தகைய சிம்பல் உள்ள லைப்ரரியை டிஎல்குளோஸ் ஃபங்ஷனால் மூடினாலும் ஜிலிப்சி அதை நினைவகத்திலிருந்து இறக்காமல் போகலாம். பிளகின் எழுதுபவர்கள் சிறிய யூவைத் தேடி வருவதே பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஜிசிசியில் இதைத் தவிர்க்கத் தனி ஆப்ஷனே இருக்கிறது.

இனி --டைனமிக். சாதாரண சிம்பல்களுக்குப் பதிலாக டைனமிக் சிம்பல்களைக் காட்டும், சில வகை ஷேர்டு லைப்ரரிகள் போன்ற டைனமிக் ஆப்ஜெக்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்ற பொருளில் கையேட்டு வாசகம் இருக்கிறது. எக்ஸிகியூட்டபிளை வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு, தன் ஃபைலுக்கு இது ஆகாது என்று நகர்ந்துவிடுகிறார். உண்மையில் ஷேர்டு லைப்ரரியோடு லிங்க் ஆன எந்த எக்ஸிகியூட்டபிளிலும் டைனமிக் சிம்பல் டேபிள் உண்டு. ஸ்ட்ரிப் கருவியால் சிம்பல்களை நீக்கிய ஃபைலில் எஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான்: சாதாரண சிம்பல் டேபிள் நீக்கப்பட்டுவிடும், டைனமிக் டேபிள் நிரல் ஓடும்போது நினைவகத்தில் ஏற வேண்டியது என்பதால் ஸ்ட்ரிப் அதைத் தொடாது. லினக்ஸ் விநியோகங்களில் நிறுவப்பட்டு வரும் நிரல்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரிப் ஆனவையே. அவற்றின் மேல் என்எம்மை வெறுமனே ஓட்டினால் ‘சிம்பல்கள் இல்லை’ என்ற செய்திதான் வரும். நாங்கள் முன்வைக்கும் வாசகம்:

‘சாதாரண சிம்பல் டேபிளுக்குப் பதிலாக டைனமிக் சிம்பல் டேபிளைப் படிக்கும். ஷேர்டு லைப்ரரிகளிலும், அவற்றோடு லிங்க் ஆன எக்ஸிகியூட்டபிள்களிலும் இந்த டேபிள் இருக்கும். ரீலொகேட்டபிள் ஆப்ஜெக்டுகளிலும் ஸ்டாட்டிக் ஆக லிங்க் ஆன நிரல்களிலும் பொதுவாக இருக்காது. ஸ்ட்ரிப் செய்த ஃபைலில் சிம்பல்கள் இல்லை என்ற செய்தி வந்தால் இந்த ஆப்ஷனைப் பயன்படுத்திப் பாருங்கள்.’

கடைசி வரி கையேட்டின் நடைக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்த வரிதான் மருந்து. அது இருந்தே ஆக வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

--எக்ஸ்டர்ன்-ஒன்லி ஆப்ஷனின் விளக்கம் மிகக் குறுகியது. எக்ஸ்டர்னல் சிம்பல்களை மட்டும் காட்டு என்பதோடு முடிந்துவிடுகிறது. லிங்க்கர் உலகில் அந்தச் சொல்லுக்குப் பொருள் குளோபல். சாதாரண ஆங்கிலத்திலோ ‘வெளியே இருப்பது’. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்கள் இந்தப் பக்கத்தைப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள், தமிழர்களும் அதில் உண்டு. அவர்களில் பலர் ‘வேறு ஃபைலிலிருந்து வரவேண்டிய சிம்பல்கள்’ என்று புரிந்துகொள்கிறார்கள். வேறு சிலர் ‘இந்த லைப்ரரி வெளியே தருபவை’ என்று கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. இந்த ஆப்ஷன் வரையறை உள்ளவை, இல்லாதவை இரண்டையும் காட்டும், லோக்கலை மட்டும் விலக்கும். இன்னொரு வலையும் உண்டு. ஆப்ஜெக்ட் ஃபைலில் ஹிடன் விசிபிலிட்டி கொண்ட (லைப்ரரிக்கு வெளியே தெரியாதபடி குறிக்கப்பட்ட) சிம்பலும் குளோபல்தான், ஆகவே அதுவும் பெரிய எழுத்துடன் பட்டியலில் வரும். ஷேர்டு லைப்ரரியாக லிங்க் ஆன பிறகே அது லோக்கல் ஆகிறது. விசிபிலிட்டியை என்எம் காட்டாது, அதற்கு ரீட்எல்ஃப் என்ற கருவி வேண்டும். ஒரு லைப்ரரி வெளியுலகுக்கு உண்மையில் தருபவை எவை என்று அறிய --டைனமிக்கையும் --டிஃபைன்ட்-ஒன்லியையும் சேர்த்துப் போட வேண்டும் என்று இங்கேயே எழுதிவிடுங்கள். அப்படிப் போட்டாலும் ஜிலிப்சி போன்ற லைப்ரரிகளில் வெர்ஷன் பெயர்கள் பெரிய ஏ எழுத்துடன், பூஜ்ய மதிப்புடன் கலந்து வரும். அவற்றை ஃபங்ஷன் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

மதிப்பு என்ற முதல் நெடுவரிசைக்கு வருவோம். எந்த எண்முறையில் அச்சாகும் என்று கையேடு சொல்கிறது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லவில்லை. ரீலொகேட்டபிள் ஆப்ஜெக்டில் அது செக்‌ஷனின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம். அதனால்தான் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிச் செக்‌ஷனில் வைக்கும் ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் எல்லா ஃபங்ஷனுக்கும் பூஜ்யமே வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறுவோர் உண்டு, கெடவில்லை. லிங்க் ஆன எக்ஸிகியூட்டபிளில் அது முகவரி. பொசிஷன் இன்டிபென்டன்ட் எக்ஸிகியூட்டபிளிலும் ஷேர்டு லைப்ரரியிலும் ஏற்றப்படும் அடிமுகவரியிலிருந்து உள்ள தூரம், எனவே ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் முகவரியோடு நேரடியாகப் பொருந்தாது. காமன் சிம்பலுக்கு அந்த எண் முகவரியே இல்லை, அளவு. 100 இன்டிஜர் கொண்ட, ஆரம்ப மதிப்பு தராத ஒரு அரே காமன் ஆக இருந்தால் என்எம் பதினாறடிமான எண்ணில் 190 என்று காட்டும், அதாவது 400 பைட். இது இப்போது அரிதாகிவிட்டது என்பதும் உண்மை. 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் ஆரம்ப மதிப்பு இல்லாத குளோபல் மாறிகள் இயல்பாகவே பிஎஸ்எஸ் செக்‌ஷனுக்குப் போகின்றன, பெரிய சி இருந்த இடத்தில் பெரிய பி வருகிறது. பழைய மேக்ஃபைலோடும் பழைய கம்பைலரோடும் வேலை செய்பவர்கள் இன்னும் சியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரிய ஏ வந்தால் அந்த எண் முகவரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லிங்க்கர் ஸ்கிரிப்டில் ஸ்டாக் அளவு பதினாறடிமானத்தில் 400 என்று எழுதினால் அதுவும் பெரிய ஏ சிம்பலாக வரும். அதை முகவரி என்று நினைத்துச் சுட்டியில் போட்டவர் என்ன ஆவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்ம் பிராசஸரின் தம்ப் கட்டளைகளால் ஆன நிரல்களில் மற்றொன்று: எல்ஃபில் ஃபங்ஷன் முகவரியின் கடைசி பிட் 1 என்றே பதிவாகியிருக்கும். ரீட்எல்ஃப் அப்படியே ஒற்றைப்படை எண்ணாகக் காட்டும். என்எம் அந்த பிட்டை நீக்கி இரட்டைப்படையாகக் காட்டும். இரண்டு வெளியீட்டையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியிலும் வேறுபாடு என்று அலறும்.

அளவு பற்றிய பகுதியில் கையேடு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. --சைஸ்-சார்ட் போட்டால் முதல் நெடுவரிசையில் மதிப்புக்குப் பதில் அளவு வரும், இரண்டும் வேண்டுமென்றால் --பிரிண்ட்-சைஸும் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். சொல்லாமல் விட்டது, அளவு பூஜ்யமாகப் பதிவான சிம்பல்களை --சைஸ்-சார்ட் பட்டியலிலிருந்தே விட்டுவிடும் என்பது. அசெம்பிளியில் எழுதி, அளவைக் குறிக்கும் டைரக்டிவ் போடாமல் விட்ட ஃபங்ஷன்கள் இதில் மறைந்துபோகும். ஃபர்ம்வேரின் ஃபிளாஷ் கணக்கைக் கூட்டுபவருக்கு விடை குறைவாக வருவது இதனால்தான். --பிரிண்ட்-சைஸை மட்டும் போட்டால் வேறொரு தொல்லை: அளவு பூஜ்யமான வரிகளில் அளவு நெடுவரிசை அச்சாகாது. மற்ற வரிகளில் நான்கு புலம், இவற்றில் மூன்று.

நெடுவரிசை எண்ணிக்கை மாறுவது என்எம் வெளியீட்டைப் படிக்கும் ஸ்கிரிப்டுகளை உடைக்கும் முதல் காரணம். இயல்பு வடிவத்தில் வரையறை இல்லாத சிம்பலுக்கு மதிப்பு இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக இருக்கும். ஆக் (awk) கருவியில் மூன்றாவது புலம் பெயர் என்று எழுதினால் யூ வரிகளில் மூன்றாவது புலமே இருக்காது. உருமாறிய சி பிளஸ் பிளஸ் பெயரைப் பழையபடி காட்டும் --டிமாங்கிள் போட்டால் பெயருக்குள்ளேயே இடைவெளி வந்துவிடும், இரண்டு இன்டிஜரை ஏற்கும் ஃபங்ஷனின் பெயரில் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி உண்டு அல்லவா. வெர்ஷன் பின்னொட்டு இன்னொரு பக்கம்: 64 பிட் இன்டெல் லினக்ஸ் நிரலில் பிரிண்ட்எஃப் என்பது ஜிலிப்சி 2.2.5 என்ற ஒட்டோடு வரும், பெயரை அப்படியே ஒப்பிடும் கிரெப் தேடல் தோற்றுப்போகும். வெர்ஷன் ஒட்டை நீக்கும் ஆப்ஷன் கையேட்டில் இருக்கிறது, ஆனால் ஏன் வேண்டும் என்பது இல்லை. பெயர்வழி வரிசை கணினியின் லோக்கேலை (மொழி அமைப்பை) பொறுத்து மாறும் என்பதும் இல்லை. இரண்டு கணினிகளில் எடுத்த பட்டியலை ஒப்பிடும்போது எல்சி ஆல் மாறியை சி என்று வைக்காவிட்டால் வேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாடு தெரியும்.

இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே அறிவுரையைக் கையேட்டில் வைக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் --போர்டபிலிட்டி வடிவத்தைப் பயன்படுத்தட்டும். அதில் பெயர், வகை, மதிப்பு, அளவு என்ற வரிசை. இல்லாமல் போகக்கூடியவை வரியின் கடைசியில் இருப்பதால் முதல் இரண்டு புலமும் இடம் மாறாது. டிமாங்கிள் செய்வதென்றால் வடிகட்டி முடித்த பிறகு கடைசிப் படியாகத் தனிக் கருவியில் செய்யட்டும்.

--டிபக்-சிம்ஸ் என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. டிபக்கருக்கு மட்டும் உரிய சிம்பல்களையும் காட்டும் என்ற விளக்கத்தைப் படித்து, ட்வார்ஃப் வடிவில் உள்ள டிபக் தகவல் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். எல்ஃபில் இந்த ஆப்ஷன் கூடுதலாகக் காட்டுவது செக்‌ஷன் சிம்பல்களையும் மூல ஃபைலின் பெயருக்கான சிம்பல்களையும்தான். மூல ஃபைலின் பெயர் சிறிய ஏ எழுத்துடன் வரும். ட்வார்ஃப் சிம்பல் டேபிளில் இருப்பதே இல்லை. இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும்.

யுனிக்ஸ் வகைக் கருவிகளுக்கான போசிக்ஸ் தரத்தோடு முட்டும் இடங்களையும் ஓரிரு வரியில் குறிப்பிட வேண்டும். சிறிய ஓ ஆப்ஷனுக்கு போசிக்ஸில் பொருள் எண்களை எட்டடிமானத்தில் அச்சிடு என்பது. உங்கள் கருவியில் அது ஒவ்வொரு வரிக்கும் முன் ஃபைல் பெயரைச் சேர். சிறிய எஃப் போசிக்ஸில் முழு வெளியீடு என்று பொருள்படும், மதிப்பு ஏதும் ஏற்காது. உங்களுடையதில் அடுத்து வரும் சொல்லை வெளியீட்டு வடிவத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். எனவே போசிக்ஸைப் பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட், ஆப்ஜெக்ட் ஃபைலின் பெயரையே தவறான வடிவம் என்று சொல்லி நின்றுவிடும். இது பழைய ஒத்திசைவுக்காக வைத்திருக்கும் நடத்தை, மாற்றக் கேட்கவில்லை. அந்தந்த ஆப்ஷனின் கீழ் ‘போசிக்ஸில் இதற்கு வேறு பொருள்’ என்று எழுதுங்கள்.

லிங்க் டைம் ஆப்டிமைசேஷனோடு கம்பைல் ஆன ஃபைலில் பிளகின் தேவை என்ற செய்தி வரும். ஜிசிசியோடு வரும் ஜிசிசி-என்எம் அந்தப் பிளகினைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்ற ஒரு வரி --பிளகின் ஆப்ஷனின் விளக்கத்தில் போதுமானது.

கடைசியாக, எடுத்துக்காட்டுகள் என்ற பகுதியே இந்தப் பக்கத்தில் இல்லை. நான்கு போதும். லைப்ரரி வெளியே தருபவற்றைப் பட்டியலிடுவது. ஆர்க்கைவில் எந்த உறுப்பு ஃபைல் ஒரு பெயரை வரையறுக்கிறது என்று காண்பது, அதாவது --பிரிண்ட்-ஃபைல்-நேமையும் --டிஃபைன்ட்-ஒன்லியையும் சேர்த்து ஓட்டிப் பெயரைத் தேடுவது. நினைவகத்தை அதிகம் விழுங்கும் சிம்பல்களை --சைஸ்-சார்ட், --பிரிண்ட்-சைஸ், பதின்ம எண்முறை மூன்றும் சேர்த்துக் கடைசி இருபது வரிகளில் பார்ப்பது. இதில் பி, டி எழுத்துகள் ரேமில் இடம் பிடிக்கும், டீ, ஆர் ஃபிளாஷில், டியின் ஆரம்ப மதிப்புகள் ஃபிளாஷிலும் இடம் பிடிப்பதால் அதை இரண்டு பக்கமும் எண்ண வேண்டும் என்ற குறிப்போடு தாருங்கள். நான்காவது, மேலே சொன்ன ஹேண்ட்லர் சோதனை.

வேலையை உங்கள் தலையில் வைத்துவிட்டு ஒதுங்க நாங்கள் எழுதவில்லை. மேன் பக்கம் (கையேட்டுப் பக்கம்) டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவண வடிவில் உள்ள மூலத்திலிருந்து உருவாகிறது என்பதால் திருத்தங்களை அந்த மூல ஃபைலிலேயே செய்து அனுப்புகிறோம். ஒரே பெரிய பேட்ச் (திருத்தத் தொகுப்பு) ஆக வந்தால் ஒரு வாக்கியத்தின் மேல் எழும் கருத்துவேறுபாடு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆகவே பிரித்து அனுப்புகிறோம்: டபிள்யூ, வி வாசகமும் எழுத்துத் தீர்மான வரிசையும் முதலாவது, --டைனமிக்கும் --எக்ஸ்டர்ன்-ஒன்லியும் இரண்டாவது, மதிப்பும் அளவும் மூன்றாவது, எடுத்துக்காட்டுகள் நான்காவது. ஒவ்வொன்றோடும் அந்த நடத்தையைக் காட்டும் சிறு சி ஃபைலும், அதை ஓட்டிக் கிடைத்த என்எம் வெளியீடும் இருக்கும். எல்ஃப் அல்லாத ஃபார்மேட்டுகளில் விதி வேறானால் அந்த ஃபார்மேட்டை அறிந்தவர்கள் பேட்ச்சிலேயே திருத்தித் தருமாறு வேண்டுகிறோம். முதலில் பார்த்துத் தர வேண்டியது டபிள்யூவின் பத்தி.

அன்புடன்,
என்எம் வெளியீட்டை அன்றாடம் படித்து வேலை செய்யும் நிரலாளர்கள்